ஒற்றைக் காது இயர்போன்: நீலகிரியில் ஆள்கடத்தல் தடுப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், ஒரு பெண். பதினாறு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரையும் வயதையும் மாற்றித்தான் சொல்கிறேன். ஏன் என்பது கீழே வரும். மூன்று தடவை போயும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காவது தடவை போனபோது ஆடி மழை. தகர விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, நான் வாசல்படியில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காதிலிருந்த இயர்போனில் ஒன்றைக் கழற்றி, துப்பட்டாவில் துடைத்து, என்னிடம் நீட்டினாள்.

வாங்கி மாட்டினேன். ஒரு காதல் தோல்விப் பாட்டு. நான்கே வரி, திரும்பத் திரும்ப அதே நான்கு வரி. ஆறேழு சுற்று ஓடிய பிறகு அவளாகச் சொன்னாள்: "அக்கா, இது நான் பாடுனது. ஒரு அண்ணன் மியூசிக் போட்டுக் குடுத்தாங்க. கோயம்புத்தூர்ல ஸ்டூடியோ வச்சிருக்காங்களாம். ஆல்பத்துக்குப் பாட வரச் சொல்றாங்க. பஸ் காசு அவங்களே ஜிபேல போடுறாங்களாம்."

அந்த லைனில் மூன்று மாதமாக நான் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் பஞ்சாலை இருந்தது, வீட்டு வேலை இருந்தது. பாட்டு இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சியில் சட்டம் சொல்லித் தருவார்கள், படிவம் நிரப்பச் சொல்லித் தருவார்கள். பிள்ளைகளின் போனுக்குள் என்ன ஓடுகிறது, அதற்குள் நாம் எப்படிப் போவது, எங்கே நிற்க வேண்டும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. பதினோரு வருடம் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று அலைந்ததில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

முதல் மாதம்: கேட்பது மட்டும்

நீலகிரி முழுக்க ஒரே மாதிரி என்று நினைத்து வராதீர்கள். படுகர் ஹட்டிகளில், அதாவது அவர்கள் ஊர்களில், படுகு மொழியிலேயே எழுதி, இசை போட்டு, யூடியூபில் ஏற்றுகிற பாட்டுகள் ஓடும். கல்யாண வீட்டில் எல்லோரும் அதற்கு ஆடுவார்கள். அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் லைன்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள். தாத்தா பழைய இலங்கை வானொலியைப் பற்றிப் பேசுவார், பேத்தி ரீல்ஸில் கானா கேட்பாள். கூடலூரில் இறங்கினால் பாதிப் போன்களில் மலையாளப் பாட்டு. பணியர் பழங்குடிக் காலனியில் துடி என்ற பறை அடிப்பார்கள். ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்திருக்கும் குடும்பங்களில் நாக்புரிப் பாட்டு கேட்கும். எந்த வீட்டில் எந்தப் பாட்டு என்று தெரிந்துகொள்வதற்கே ஒரு மாதம் ஆகும். ஆகட்டும், அந்த மாதம் வீணில்லை.

பிள்ளைகள் கூடும் இடம் சிக்னல் கிடைக்கிற இடம்தான். ஒரு வளைவு, ஒரு பாறை, தண்ணீர்த் தொட்டி மேடு என்று லைனுக்கு ஒன்று இருக்கும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் அங்கே போய் உட்காருங்கள். பேசுவதற்கு விஷயம் தேடாதீர்கள். "என்ன கேக்குற, எனக்கும் குடு" என்று சொன்னால் போதும். ஆறு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இருட்டினால் பாதையில் யானை நிற்கும். உங்களைக் கொண்டுவிட வருகிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

பாட்டு பிடிக்கவில்லை என்றால் முகத்தில் காட்டாதீர்கள். "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்த இயர்போன் மறுபடி உங்களிடம் வராது. போனைக் கையில் வாங்கிப் பார்க்கவும் கூடாது. அவர்களாகக் காட்டுவதை மட்டும் பாருங்கள்.

இரண்டே இரண்டு கேள்வியை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். "இந்தப் பாட்டு உனக்கு எப்படிக் கெடச்சது?" என்று கேட்டால் யார் அனுப்பினார்கள் என்பது வரும். "ரீசார்ஜ் யாரு போடுறாங்க?" இது அதைவிட முக்கியம். பல வீடுகளில் இருப்பது ஒரே போன். அப்பாவின் பெயரில் சிம். அப்பாவுக்குத் தெரியாமல் அந்த நம்பருக்கு வெளியாள் ஒருவர் மாதாமாதம் ரீசார்ஜ் போடுகிறார் என்றால் உடனே கவனிக்க வேண்டும். என்னிடம் வந்த கேஸ்களில் பாதிக்கு மேல் முதல் நூல் இந்தக் கேள்வியில்தான் கிடைத்தது.

வலை விரியும் விதம்

பழைய வழிகள் இன்னும் இருக்கின்றன. கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று மூன்று வருட ஒப்பந்தத்தில் பெண்பிள்ளைகளைப் பஞ்சாலைகளுக்கு அழைத்துப்போன சுமங்கலித் திட்டம் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தெரியாததல்ல. முன்பு அதற்கு ஒரு புரோக்கர் மலையேறி வருவார், யாராவது பார்ப்பார்கள், சொல்வார்கள். இப்போது யாரும் ஏறி வர வேண்டாம்.

பாட்டு வழியாக வருவது இப்படித்தான் நடக்கிறது. பிள்ளை ஒரு ரீல் போடும். கீழே ஒரு ஆள் நெருப்பு எமோஜி போடுவான். இரண்டு நாள் கழித்து, "வாய்ஸ் செமயா இருக்கு" என்று தனிச் செய்தி. பிறகு அவள் குரலுக்கு இசை சேர்த்து ஒரு எடிட் அனுப்புவான். இதை லேசாக எண்ணாதீர்கள். அந்தப் பிள்ளையின் குரலை அதற்கு முன்னால் யாருமே அவ்வளவு கவனித்துக் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்து வாட்ஸ்ஆப் நம்பர் கேட்பான், ரீசார்ஜ் போடுவான். "வீட்ல இப்ப சொல்லாத, பாட்டு வந்ததும் சர்ப்ரைஸ் குடுப்போம்" என்பான். கடைசியில் பஸ் காசு. அல்லது ஒரு படம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டல்.

பையன்களுக்கு வேறு மாதிரி. வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், கை நிறையச் சம்பளம் என்று டெலிகிராமில் வரும். தாய்லாந்து என்று சொல்லி அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைத்து இணைய மோசடி செய்ய வைத்த விவகாரம் 2022இல் வெளியே வந்தது. தமிழ்நாட்டுப் பையன்களும் அதில் சிக்கி மீட்கப்பட்டார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

சரி, பிள்ளையிடம் என்ன சொல்வது? "போகாதே" என்று ஆரம்பிக்காதீர்கள், "பாடாதே" என்று சொல்லவே சொல்லாதீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் அட்டப்பாடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருளர் பாட்டி நஞ்சியம்மாவுக்கு 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவித்தார்கள். நம் பிள்ளைகள் பாடி மேலே வர முடியும் என்பது நிஜம், அதை மறைத்தால் நம்மை நம்ப மாட்டார்கள். அதனால் சேர்ந்து உட்கார்ந்து விசாரியுங்கள். ஸ்டூடியோ முகவரி என்ன? அம்மாவிடம் பேசுவாரா? நம் அக்கா ஒருத்தி கூட வந்தால் சரியா? வீடியோ காலில் இடத்தைக் காட்டுவாரா? இதுவரை பதிவு செய்த ஒருவரிடம் பேசலாமா? நிஜமான ஸ்டூடியோக்காரருக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை.

அந்த வாசல்படியில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். "எங்க அம்மா உங்ககிட்டப் பேசணுமாம்" என்று அவளையே டைப் செய்யச் சொன்னேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. பத்து நிமிடத்தில் முகப்புப் படம் காணாமல் போனது. அவள் அழுதாள். மோசம் போகவிருந்தோம் என்பதைவிட, தன் குரல் நன்றாக இருக்கிறது என்று அவன் சொன்னதும் பொய்யோ என்றுதான் அதிகம் அழுதாள். அதற்கு நான் அன்றைக்கே பதில் சொன்னேன்: குரல் நன்றாகத்தான் இருக்கிறது.

கூட்டம் போடுவது

நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் எடுத்துப் போங்கள், பாட்டை அவர்கள் போடட்டும். முதல் பத்து நிமிடம் வெறும் பாட்டுதான். அப்புறம் நான் பண்பலை அறிவிப்பாளர் மாதிரி குரலை மாற்றி ஒரு வேலை விளம்பரம் வாசிப்பேன்: "பெங்களூரில் வீட்டு வேலை, மாதம் இருபத்தைந்தாயிரம், தங்குமிடம் இலவசம், ஆதார் மட்டும் போதும், இன்றே கிளம்புங்கள்." ஓட்டை கண்டுபிடிக்கிறவர்கள் கை தட்ட வேண்டும். தட்டல் வரும் இடங்களில் நிறுத்தி, "ஏன்?" என்று கேட்பேன். பாடம் மொத்தமும் அந்த "ஏன்" என்பதில் வந்துவிடும்.

பிறகு அவர்களே வரி கட்டுவார்கள். ஒரு தடவை ஒரு பையன் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து அடிக்க, நான்கு பெண்பிள்ளைகள் சேர்ந்து கட்டியது:

அட்ரஸ் எங்கே அண்ணே அண்ணே
ஆபீஸ் எங்கே அண்ணே
அம்மாகிட்டப் பேசச் சொன்னா
கட்டு பண்றே ஏண்ணே

இரண்டு வருடம் கழித்து வேறொரு லைனில், நான் போகாத லைனில், இதைச் சின்னப் பிள்ளைகள் பாடிக்கொண்டு ஓடியதைக் கேட்டேன். பயமுறுத்தும் பாட்டுகளை எழுதிக்கொண்டு போகாதீர்கள். இருட்டறை, சங்கிலி என்று பாடினால் பிள்ளைகள் காதை மூடிக்கொள்ளும். ஏற்கெனவே ஏதாவது நடந்த பிள்ளை அங்கே இருந்தால் அதோடு எழுந்து போய்விடும், அப்புறம் வராது.

பழங்குடிக் கிராமங்களில் ஒரு எச்சரிக்கை. எல்லா மேள அடியும் எல்லா நேரத்துக்கும் உரியதல்ல. கோத்தர்களிடம் சாமிக்கு வாசிப்பது வேறு, சாவுக்கு வாசிப்பது வேறு. "நிகழ்ச்சிக்குக் கொஞ்சம் வாசிங்க" என்று கேட்பதற்கு முன் பெரியவர்களைக் கேளுங்கள். நாம் அழைத்ததற்காக அவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டு வாசிக்கக் கூடாது.

கேஸ் வந்துவிட்டால், போனை என்ன செய்வது

இதை நிதானமாகப் படியுங்கள். புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்.

பிள்ளை பயத்தில் எல்லாவற்றையும் அழிக்கப் பார்க்கும். அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த ஆளை உடனே பிளாக் செய்யவும் வேண்டாம். அவன் கணக்கின் பெயர், லிங்க், போன் நம்பர், செய்தி வந்த தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். டிஸ்பிளே பெயரை மட்டும் எடுத்து வைத்தால் பிரயோஜனம் இல்லை, அதை அவன் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவான். பணம் வந்திருந்தால் பரிவர்த்தனை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அதில் பிள்ளையின் அந்தரங்கப் படமோ வீடியோவோ இருந்தால் அதைத் தொடாதீர்கள். உங்கள் போனுக்கு வாங்காதீர்கள், மேலதிகாரிக்கு அனுப்பாதீர்கள், "ஆதாரத்துக்கு" என்று எங்கும் சேமிக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் குற்றமாகும். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனதுதான். போன் அப்படியே காவல்துறைக்குப் போகட்டும். படம் வெளியே பரவாமல் தடுக்க, பதினெட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு 'டேக் இட் டவுன்', பெரியவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்று இலவச சேவைகள் இருக்கின்றன. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அந்தப் போனிலேயே படத்துக்கு ஒரு அடையாளக் குறி உருவாகி அது மட்டும் போகும்.

அழைக்க வேண்டிய எண்கள்: குழந்தை என்றால் 1098, அவசரம் என்றால் 112, பெண்களுக்கு 181, இணையக் குற்றத்துக்கு 1930, இலவச சட்ட உதவிக்கு 15100. மனப்பாடமாக இருக்கட்டும், சிக்னல் இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பிள்ளை ஏற்கெனவே கிளம்பிவிட்டால் நேரம்தான் எல்லாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மாநில எல்லை. நாடுகாணி வழியாக நிலம்பூர், பாட்டவயல் வழியாக சுல்தான் பத்தேரி, கக்கநல்லா வழியாக மைசூர். மைசூர் போகும் பந்திப்பூர்ச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. அந்த நேரம் எந்தப் பக்கம் வண்டி போயிருக்க முடியாது என்பதாவது உங்களுக்குத் தெரிய வேண்டும். "அது கேரளா கேஸ், அங்க போய்க் குடுங்க" என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னால் விடாதீர்கள். எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. காணாமல் போன குழந்தை என்றால் கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லியிருக்கிறது.

"அவளே விரும்பித்தான போயிருக்கா, சாட்டுல 'ஓகே அண்ணா வரேன்'னு இருக்கே" என்று கேட்பார்கள். எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும். எரியட்டும், பதிலை அமைதியாகச் சொல்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், ஆள்கடத்தலைப் பற்றிய 143ஆவது பிரிவில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கிலேயே வராது. ஏமாற்றி வாங்கிய "ஓகே" அது.

மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் அதில் சேராது. முன்பணம் கொடுத்து, கணக்கு முடியாமல் பிடித்துவைத்து வேலை வாங்கியிருந்தால் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வரும். விடுதலைச் சான்றிதழுக்கு வருவாய் கோட்டாட்சியரிடம் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை, அதன்பின் மறுவாழ்வுத் தொகை 1 லட்சம் முதல் 3 லட்சம் வரை என்று திட்டம் இருக்கிறது. பணம் வராவிட்டால் கடன்காரன் மறுபடி வாசலில் நிற்பான்.

படம் போடாதீர்கள்

எனக்கு வேலையில் இரண்டாவது வருடம். ஒரு பெண்பிள்ளை மீண்டு வந்து, எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டுப் பாடினாள். எவ்வளவு சந்தோஷம் எனக்கு! முகம் தெரியாமல், பின்னாலிருந்து, முப்பது நொடி எடுத்து என் ஸ்டேட்டஸில் போட்டேன். அன்று ராத்திரியே அவள் சித்தப்பா வீட்டுப் பக்கத்திலிருந்து போன். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கே இருந்தாள், என்ன நடந்தது என்று லைன் முழுக்கப் பேச்சு. அவள் அந்த ஊரில் அதன்பின் ஒரு மாதம்கூட இருக்க முடியவில்லை.

முகத்தை மறைத்தால் போதாது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. குரல், கொலுசு, பள்ளிச் சீருடை, பின்னால் தெரியும் தொழிற்சாலைப் புகைபோக்கி, பேச்சு வழக்கு, எல்லாமே அடையாளம்தான். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவிலும் போக்சோவின் 23ஆவது பிரிவிலும் குற்றம். நான் செய்ததும் அதுதான். நன்கொடையாளர்களுக்கு வீடியோ வேண்டும் என்று உங்கள் அலுவலகம் கேட்கும். தேயிலைச் செடியை எடுங்கள், மழையை எடுங்கள், உங்கள் கையை எடுங்கள். பிள்ளையை எடுக்காதீர்கள்.

உங்கள் சொந்தக் கணக்கையும் பூட்டி வையுங்கள். வேலைக்குத் தனி சிம். இருக்கிற இடத்தை நேரலையில் காட்டாதீர்கள், தினமும் ஏறும் பஸ் ஸ்டாப்பில் நின்று ரீல் எடுக்காதீர்கள். போலிக் கணக்கு திறந்து புரோக்கரைப் பிடிக்கிறேன் என்று தனியாக இறங்காதீர்கள்; அது காவல்துறையின் வேலை, நடுவில் நாம் புகுந்தால் வழக்கு கெட்டுவிடும். பிள்ளைகளிடம் ராத்திரி பத்து மணிக்கு மேல் சாட் வேண்டாம். ஏமாற்ற வந்தவனும் அந்த நேரத்தில்தான் பேசினான்.

மீண்டு வந்தவர்களும் பாட்டும்

மீண்டு வந்தவர்கள் தங்கும் இல்லத்தில் சும்மா எஃப்எம் போட்டு வைக்காதீர்கள். அடைத்துவைத்திருந்த இடத்தில் சத்தம் வெளியே கேட்காதிருக்கப் பாட்டை உரக்க வைத்திருப்பார்கள். அதே பாட்டு ஒரு நாள் இங்கே ஒலித்தால் என்ன ஆகும்? ஒரு பெண் கையில் இருந்த சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே உறைந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ரேடியோவை நிறுத்தி, அவள் பெயரைச் சொல்லி, இது கூடலூர், இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, ரசம் ஆறுகிறது என்று ஒன்றொன்றாகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. அதிலிருந்து எங்கள் இடத்தில், பாட்டு போடுவதற்கு முன் கேட்டுவிட்டுத்தான் போடுவோம். எந்தப் பாட்டு வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பாட ஆசைப்படுகிறவர்களுக்கு வழி காட்டுங்கள். பள்ளி ஆண்டு விழா, கோயில், சர்ச் பாடகர் குழு, வானொலி நிலையம் என்று பெரியவர்கள் சுற்றி இருக்கும் இடங்கள். அந்த வாசல்படிப் பெண் இப்போது ஒரு பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறாள்.

உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேஸ் கேட்ட நாளில் ராத்திரி போனைத் தள்ளிக்கொண்டே இருக்கத் தோன்றும். விடிந்தால் தலை கனக்கும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர், பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகும்போது நான் போனை எடுப்பதில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாய்க்குள்ளே பாடிக்கொண்டு போவேன். கேட்டதை வெளியே சொல்ல முடியாத வேலை இது. மாதம் ஒரு தடவையாவது ஒரு மூத்த பணியாளரிடம், அல்லது ஆலோசகரிடம், உட்கார்ந்து பேசிவிடுங்கள். மூன்று வாரம் தூக்கம் சரியில்லை என்றால் லீவு கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

பையில் எடுத்துக்கொள்ள: குடை, அட்டைக்கு உப்பு அல்லது மூக்குப்பொடி, டார்ச், பவர் பேங்க், எண்கள் எழுதிய ஒரு தாள், நோட்டு, கொஞ்சம் பிஸ்கட். கூடவே ஒரு வயர் இயர்போன், ப்ளூடூத் வேண்டாம். மழையில் சார்ஜ் நிற்காது, காதிலிருந்து விழுந்தால் செடிக்குள் தேட முடியாது. அப்புறம், வயர் நீளம் குறைவாக இருந்தால்தான் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார வேண்டிவரும்.